கணக்கில் வராத ஒப்பந்த ஆள்

பிப்ரவரி 12

அக்கா,

மூன்று வாரமாக உன் நம்பருக்கு அடிக்கிறேன், போகவே மாட்டேன் என்கிறது. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. அத்தானைக் கூப்பிட்டேன். மனுஷர் ஒரு பதிலுக்கு அரை நிமிடம் இழுத்தார். "மாப்ளே, அவ எழுதச் சொல்றா. எழுதுனா படிப்பாளாம். பேசுனா கேக்க மாட்டாளாம்." பின்னால் மாவு பிசையும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் சிரித்த மாதிரிகூட இருந்தது.

சரி, எழுதுகிறேன்.

போன விடுமுறையில் சாப்பிட உட்கார்ந்தபோது நான் சொன்னது இவ்வளவுதான்: ஒரே முறையில் ஓட்டி இரண்டு தடவை தோற்றதை மூன்றாம் தடவையும் அப்படியே ஓட்டுவது முட்டாள்தனம். எங்கள் தொழிற்சாலையில் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். நீ தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாய். அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வெந்ததா இல்லையா என்று ரொட்டியைப் பார்ப்பாரே, அப்படி.

சொன்னது சரி. சொன்ன இடம் தப்பு. இதற்கு மேல் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது.

தம்பி


பிப்ரவரி 18

டேய் அவசரம்,

உன் மன்னிப்பை எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போய், லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அப்படியும் தென்படவில்லை.

ஏன் எழுதச் சொன்னேன் தெரியுமா? பேசும்போது உன் வாய் முன்னால் ஓடும், மூளை பின்னாலேயே மூச்சிரைக்க வரும். எழுதினால் பேனாவை மூடித் திறக்கிற நேரமாவது இரண்டும் ஒன்றாக நிற்கும் என்று ஒரு நப்பாசை. என் பக்கம் ஒரு லாபமும் உண்டு. கடிதத்தை மடித்து வைத்துவிடலாம். உன்னை மடிக்க முடியாது.

இப்போது விஷயம். நீ சொன்ன அந்த "முட்டாள்தனம்" அடுத்த மாதம் நடக்கப் போகிறது. உறைய வைத்ததில் ஒரே ஒரு கரு மிச்சம். இது போனால் வேறு கிடையாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க என் உடம்பிலும் தெம்பில்லை, அத்தானின் முகத்திலும் தெம்பில்லை. ஆகவே இதுதான் கடைசி. வீட்டில் உன்னையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. போன தடவை விசாரிக்க வந்தவர்களுக்குக் காபி போட்டே ஓய்ந்துவிட்டேன்.

இந்த முறை டாக்டரம்மா ஒன்றை மாற்றியிருக்கிறார். முன்பு தினமும் எண்ணெய் ஊசி. இடுப்பில் இரண்டு பக்கமும் கட்டிகட்டியாக, உட்கார்ந்தால் உயிர் போகும். இப்போது அதற்குப் பதில் மாத்திரை. டைட்ரோஜெஸ்டிரோன் என்று பெயர். "இது சிந்தெடிக், வாயாலயே போட்டுக்கலாம்" என்றார். சிந்தெடிக் என்றதும் எனக்குத் திக்கென்றது. கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உன்னிடம் கேட்கவே கூடாது என்று இருந்தேன். கேட்கிறேன். அது என்ன? எதற்கு? உடம்பு தானே செய்கிற ஒன்றை ஏன் தொழிற்சாலையில் செய்து விழுங்க வேண்டும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. ஒரு தடவையாவது "இதுகூடத் தெரியாதா" என்று தொடங்காமல்.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

இதுகூடத் தெரியாதா என்று எழுதி, அடித்துவிட்டு, புதுத் தாளில் தொடங்குகிறேன். பார், முன்னேற்றம்.

சாதாரணமாக முட்டை வெளியே போனதும் அது இருந்த கூடு சும்மா இருப்பதில்லை. புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். அதற்கு முன்பு வரை கருப்பையின் உள்சவ்வு வெறுமனே தடித்துக்கொண்டே போகும். கட்டடம் எழும்பியிருக்கும், உள்ளே குடியிருக்க முடியாது. புரோஜெஸ்டிரோன் வந்த பிறகுதான் தண்ணீர், மின்சாரம் எல்லாம் வரும். கரு வந்து ஒட்டும். கருப்பை முறுக்கிக்கொள்ளாமல் அமைதியாக இருப்பதும் அதனால்தான்.

உனக்கு இப்போது செய்கிற முறையில் வேறு மாத்திரை கொடுத்துச் சவ்வை வளர்க்கிறார்கள். சினைப்பை தூங்குகிறது. முட்டை இல்லை, அதனால் கூடும் இல்லை. கூடு இல்லாத இடத்தில் புரோஜெஸ்டிரோன் வேலையை யார் பார்ப்பது? வெளியிலிருந்து ஆள் எடுக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளி இல்லாத இடத்தில் ஒப்பந்த ஆளைப் போடுவார்கள். உன் மாத்திரை அந்த ஒப்பந்த ஆள்தான். நஞ்சுக்கொடி வளர்ந்து தானே சுரக்கத் தொடங்கும் வரை அவன் இருக்க வேண்டும். இடையில் அவன் வராமல் போனால் வேலை நின்றுவிடும்.

சிந்தெடிக் என்றால் பிளாஸ்டிக் பூ என்று நினைக்காதே. உனக்குப் போட்ட ஊசி மருந்தும் தொழிற்சாலையில் செய்ததுதான், ஆனால் அது உடம்பு செய்வதன் அச்சு அசல். அதை வாயால் விழுங்கினால் ஈரல் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இந்த மாத்திரையில் மூலக்கூறை ஓரிடத்தில் வளைத்துவிட்டார்கள். வளைந்ததால் ஈரலைத் தாண்டிப் போகும். செய்கிற வேலை அதேதான், ஆள் வேறு.

மறக்காமல் போடு. அவ்வளவுதான்.

தம்பி

பி.கு. அந்தக் கட்டிகளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயா? அப்போது கேட்டிருக்க வேண்டும்.


மார்ச் 6

அவசரம்,

ஒப்பந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது. காலையில் ஒருவன், ராத்திரியில் ஒருவன். டம்ளரைக் கையில் எடுத்தாலே அத்தான் "கான்ட்ராக்ட் ஆள் வந்தாச்சா?" என்று கேட்கிறார். பல நாள் கழித்து இந்த வீட்டில் ஒரு கேலி.

மூன்றாம் தேதி கருவை உள்ளே வைத்தார்கள். திரையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. "அதாம்மா" என்றார் டாக்டரம்மா. லென்ஸில் ஒட்டிய தூசி அளவுகூட இல்லை. நான் தினம் துடைத்து எறிகிற அளவு. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டுக் கத்தக் கூடாது.

"வேற டெஸ்ட் எதுவும் எடுக்க வேண்டாம், நாங்க சொல்றப்ப வாங்க" என்றுதான் அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்க்க என்னால் முடியவில்லை. எங்கள் கடைக்கு எதிரே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. நேற்றுப் போய், புரோஜெஸ்டிரோன் எவ்வளவு என்று பாருங்கள் என்று கையை நீட்டினேன். மாலையில் தாள் வந்தது. இருக்க வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. "அரைக்கும் கீழே" என்று போட்டிருக்கிறது. அங்கிருந்த பெண் தாளைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

இன்று காலை பஸ் ஏறி வேறொரு இடத்துக்குப் போனேன். அங்கேயும் அதேதான்.

இரண்டு வேளையும் தவறாமல் போடுகிறேன். ஒரு தடவைகூட வாந்தி இல்லை. பின் எங்கே போகிறது? டாக்டரம்மாவிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. சொன்னதைக் கேட்காமல் போய் எடுத்தது நான். அத்தானிடமும் சொல்லவில்லை. சொன்னால் தைரியம் சொல்வார், சொல்லிவிட்டு பேக்கரியில் போய் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போடுவார்.

நீ என்ன நினைக்கிறாய்? பார்த்து எழுது.

அக்கா


மார்ச் 9

அக்கா,

இது போனில் சொல்ல வேண்டியது. நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய், அத்தானிடமும் சொல்லவில்லை என்கிறாய், அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன்.

ஒரு மீட்டர் பூஜ்யம் காட்டினால் மீட்டர் மேல் சந்தேகப்படலாம். தனித்தனியாக இரண்டு மீட்டர் பூஜ்யம் காட்டினால் குழாயில் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். இதில் யோசிக்க எதுவுமில்லை. உன் மாத்திரையில் மருந்து இல்லை. போலியாக இருக்கும், இல்லாவிட்டால் வெயிலில் கிடந்து கெட்டுப்போனதாக இருக்கும்.

அந்த அட்டையை இனிமேல் தொடாதே. நிறுத்து. கடைக்காரன் முகத்தில் வீசிவிட்டு ரசீதைப் பத்திரமாக வை. டாக்டரம்மாவிடம் போய் பழையபடி ஊசியே கேள். வெட்கப்படுகிற நேரமா இது?

மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று என்று நீதானே எழுதினாய். சுண்ணாம்பு மாத்திரையை நம்பி அதை இழக்கப் போகிறாயா?

தம்பி


மார்ச் 13

அக்கா,

நீ இதைப் படிப்பதற்குள் சேதி உனக்குக் கிடைத்திருக்கும். கிடைத்திருக்க வேண்டும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

மாத்திரையை நிறுத்தாதே. மாத்திரை சரியாக இருக்கிறது. நான் சொன்னதுதான் தப்பு.

நேற்று சாயந்திரம் பட்டறையில் வாயுக்கசிவு காட்டும் கருவிகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சிலிண்டரிலிருந்து கொஞ்சம் வாயுவை விட்டுப் பார்ப்போம், முள் ஏற வேண்டும். முதல் கருவி பூஜ்யம். செத்துவிட்டது என்று சிவப்புச் சீட்டுக் கட்டி ஓரமாக வைத்தேன். இரண்டாவதும் பூஜ்யம். அதற்கும் ஒரு சீட்டு. மூன்றாவதை எடுத்தபோதுதான் சிலிண்டரின் கழுத்தைப் பார்த்தேன். நான் மாட்டியிருந்தது ஹைட்ரஜன். அந்தக் கருவி மீத்தேனுக்கானது. அறை முழுக்க ஹைட்ரஜன் நிரம்பினாலும் அது பூஜ்யம்தான் காட்டும். அதன் கண்ணுக்கு ஹைட்ரஜன் தெரியாது. இரண்டு கருவியும் நன்றாகத்தான் இருந்தன. இரண்டும் ஒரே மாதிரி பூஜ்யம் காட்டியதும் அதனால்தான்.

கையில் சிவப்புச் சீட்டோடு அப்படியே நின்றேன். "என்னய்யா, பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?" என்றார் ஃபோர்மேன்.

மூலக்கூறை வளைத்திருக்கிறார்கள், ஆள் வேறு என்று உனக்கு எழுதியவனே நான்தான். உன் ரத்தத்தைப் பரிசோதித்த கருவி புரோஜெஸ்டிரோனை மட்டும் தேடிப் பிடித்து எண்ணுகிறது. வளைந்தவன் அதற்குத் தெரிய மாட்டான். வாசலில் நிற்கும் காவலாளி நிரந்தர ஆட்களின் அட்டையை மட்டும் எண்ணுகிறான். உள்ளே ஒப்பந்த ஆள் வியர்வை வழிய வேலை பார்த்துக்கொண்டிருக்கிறான், காவலாளியின் கணக்கில் "யாரும் வரவில்லை". உன் சினைப்பை தூங்குவதால் உன் சொந்தப் புரோஜெஸ்டிரோனும் கிடையாது. அந்தத் தாளில் இருந்த அளவு சரியான அளவு. ஆனால் அது உன் மாத்திரையைப் பற்றியது அல்ல.

ராத்திரியெல்லாம் தேடிப் படித்து உறுதி செய்தேன். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பரிசோதனையால் பயன் இல்லை என்று தெளிவாகவே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஒன்பதாம் தேதியே செய்திருக்கலாம்.

ஆனாலும் நான் சொல்வதை நம்பாதே. டாக்டரம்மாவிடம் போ. இன்றைக்கே.

தம்பி


மார்ச் 14

தம்பி,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேச முடியாது உனக்கு, அதுவே ஒரு சுகம்.

பன்னிரண்டாம் தேதி மாலை உன் விரைவுத் தபால் வந்தது. படித்தேன். ராத்திரி மாத்திரையைப் போடவில்லை. அட்டையை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். அத்தான் "கான்ட்ராக்ட் ஆள் வந்தாச்சா?" என்றார். "வந்தாச்சு" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னதில்லை.

மறுநாள் காலையும் போடுவதாக இல்லை. கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டுகிறேன், அத்தான் ஓடி வருகிறார். வேலை நேரத்தில், ஏப்ரனோடு, புருவமெல்லாம் மாவு. கையில் கேக் ஆர்டர் எழுதுகிற சீட்டு. நீ அவர் செல்லுக்கு அடித்து, அவர் எடுக்காததால் பேக்கரி நம்பருக்கு அடித்திருக்கிறாய். கவுன்ட்டரில் இருக்கிற அம்மாதான் எடுத்திருக்கிறார். அந்தச் சீட்டு இப்போது என் முன்னால் இருக்கிறது. "கேக்கின் மேல் எழுத வேண்டியது" என்ற கட்டத்தில் அவர் எழுதியிருப்பது: மாத்திரையை நிறுத்தக் கூடாது. இப்படிக்கு மச்சான்.

"ஐயோ, எந்தக் கலர்ல எழுதணும்னு கேக்குறதுக்குள்ள வச்சுட்டாருங்க" என்றாராம்.

இழுப்பறையைத் திறந்து அங்கேயே நின்று மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், ஒற்றைச் செருப்போடு. அப்புறம் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான். நீ கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இருவருமாக டாக்டரம்மாவிடம் போனோம். ஒரு வேளை தவறியதற்குப் பயப்பட வேண்டாம், தொடர்ந்து போடு என்றார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் வேற டெஸ்ட் வேண்டாம்னேன். இந்த மாத்திரை இதுல தெரியவே தெரியாது. ஏன்னு சொல்லாம விட்டது என் தப்பு" என்றார். உன்னைப் பற்றியும் கேட்டார். "நிறுத்தச் சொன்னது யாரு?" "தம்பி." "டாக்டரா?" "மீட்டர் ரிப்பேர்." எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. இருக்கிறது. நீ தப்பாகச் சொன்னதற்கு இல்லை. ஒரு சந்தேகமும் இல்லாமல் சொன்னதற்கு. "எனக்குத் தோன்றுகிறது, ஆனால் கேட்டுக்கொள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நான் இழுப்பறையை மூடியிருக்க மாட்டேன். என் கடையில், கண் பார்க்கிற எழுத்து அட்டையின் கடைசி வரி தெரியவில்லை என்பவரிடம் அங்கே எழுத்தே இல்லை என்று நான் சொல்வதில்லை.

இனி பேக்கரியில் எல்லோருக்கும் தெரியும். கவுன்ட்டர் அம்மா இன்று ஒரு ரொட்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார், எதுவும் கேட்காமல்.

பதினேழாம் தேதி முடிவு தெரியும்.

அக்கா


மார்ச் 17

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. நீ சொன்னது எல்லாம் சரி.

இன்று தேதி பதினேழு. உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எது ஆனாலும் அந்த ஒரு வேளை என் கணக்கில்.

தம்பி


மார்ச் 18

அவசரம்,

ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 29

தம்பி,

போன வாரம் இதயத்துடிப்பைக் கேட்டோம். குதிரை ஓடுகிற மாதிரி. அத்தான் "இவ்வளவு அவசரமா?" என்றார். பிறகு இருவருமே உன்னை நினைத்துச் சிரித்தோம்.

இப்போது புதுத் தொல்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, அடுத்த வாரத்தோடு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் டாக்டரம்மா. நஞ்சுக்கொடி தன் வேலையைத் தானே பார்க்கிறதாம். எனக்கு அது மண்டைக்குப் புரிகிறது, கைக்குப் புரியவில்லை. இன்று மருந்துக்கடைக்குப் போய் அவர் எழுதித் தராத இரண்டு அட்டையை வாங்கி வந்திருக்கிறேன். கண்ணாடிக் கூடுகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். ஒரு வேளை விட்டதற்கே நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மொத்தமாக விடு என்றால்?

முன்பு நிறுத்து என்றாய், நிறுத்தினேன். நிறுத்தாதே என்றாய், போட்டேன். இப்போது என்ன சொல்கிறாய்?

அக்கா


மே 3

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்கப் பையில் வைத்திருந்தேன். பதிலை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

எனக்குத் தெரியாது.

இதை யாருக்கும் நான் எழுதியதில்லை.

எனக்குத் தெரிந்தது ஷிப்ட் மாறுவது மட்டும். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் அடுத்த ஆள் வராமல் இருக்கிற ஆள் எழுந்திருக்கக் கூடாது. வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பழைய ஆள் பையைத் தூக்குவான். உன் விஷயத்தில் புது ஆள் உட்கார்ந்துவிட்டானா இல்லையா என்று பார்க்கிற கண் டாக்டரம்மாவிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை. நான் பார்த்தால் பூஜ்யம்தான் தெரியும்.

ஒளித்து வைத்த அட்டையோடு அவரிடம் போ. பயமாக இருக்கிறது என்று சொல். வேண்டுமானால் மெதுவாகக் குறைக்கலாமா, நிறுத்திய பிறகு ஒரு தடவை பார்ப்பீர்களா என்று கேள். ஏன், எதற்கு என்று கேட்டு, பதில் வரும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. அத்தானையும் கூட்டிக்கொண்டு போ. இந்தத் தடவை அவரிடம் முதலில் சொல்.

தம்பி


மே 16

டேய்,

போனேன். அத்தானோடு. ஒளித்த அட்டைகளை டாக்டரம்மாவின் மேசையில் வைத்தபோது பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் சிரிக்கவில்லை. படம் வரைந்து காட்டினார். நிறுத்துங்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள், நானே பார்த்துச் சொல்கிறேன் என்றார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் எல்லாம் கேட்டோம். வெளியே காத்திருந்தவர்கள் எங்களைச் சபித்திருப்பார்கள்.

கடைசி மாத்திரையைப் போட்ட இரவு அத்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். "கான்ட்ராக்ட் ஆளு கிளம்பறாரா?" என்றார். "கிளம்பறாரு" என்றேன். "ஒரு வாய் தண்ணி கூடக் குடிச்சு அனுப்பு" என்றார். குடித்தேன். அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாமலே இத்தனை நாள் உள்ளே வேலை பார்த்துவிட்டுப் போகிறவன்.

அந்த ஒரு வாரத்தை எப்படிக் கழித்தேன் என்று எழுத மாட்டேன். இன்று போனோம். டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். தூசி அளவு இருந்தது இப்போது காலை மடக்கி நீட்டி உதைக்கிறது. பக்கத்தில் தடித்திருந்த நஞ்சுக்கொடியைக் காட்டி, "இதுதான்மா புது ஆளு" என்றார். நம் ஒப்பந்த ஆள் கதையை நான் எப்போதோ அவரிடம் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார்.

மிச்சமிருந்த இரண்டு அட்டையை மருந்துக்கடையில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். டாக்டரம்மாவே வாங்கி வைத்துக்கொண்டார். கேக் சீட்டை மட்டும் நான் யாருக்கும் தருவதாக இல்லை.

இந்த மாதிரி நீளமாக எழுதி எனக்கு விரல் வலிக்கிறது. உன் நம்பரை விடுவித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கூப்பிடு. நான் பேசி முடிக்கும் வரை நீ வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம், இடுப்பில் இருந்த கட்டிகளைப் பற்றி பி.கு.வில் கேட்டாயே, அதற்குப் பதிலும் போனிலேயே சொல்கிறேன்.

அக்கா